பன்ட் இறங்கும் இடத்தில் நிற்கும் நடுவருக்கு

அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணிப் பக்கம் உயரமாக உதைப்பது பன்ட். அப்படி உதைத்த பந்து கீழே வர ஏறக்குறைய நான்கு விநாடி. அந்த நேரம் முழுக்க, அதைப் பிடிக்க நிற்கும் பையன் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எதிரிலிருந்து ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிய இரண்டு மூன்று பேர் முழு வேகத்தில் அவனை நோக்கி ஓடி வருகிறார்கள். அவர்கள் பக்கம் அவன் பார்வையைத் திருப்ப முடியாது. திருப்பினால் பந்து போய்விடும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரன் இத்தனை நிராதரவாக நிற்கும் தருணம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவனுக்காக இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று ஃபேர் கேட்ச் சிக்னல்: ‘பிடித்ததும் ஓட மாட்டேன், என்னை வீழ்த்தாதீர்கள்’ என்று அவன் கையால் காட்டும் சைகை. இன்னொன்று, பிடிக்கப் போகிறவனுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்ற தடை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டுதான் புதிய நடுவர்களில் பெரும்பாலோர் களத்துக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். நியூ ஜெர்சியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு நிற்கிறேன். என் குழுவில் பேக் ஜட்ஜ், அதாவது எல்லோருக்கும் பின்னால் ஆழத்தில் நிற்கும் நடுவர், வேலை என்னுடையது. பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்து வந்து, பிறகு தாங்களே கோடுபோட்ட சட்டையை மாட்ட ஆசைப்படும் தமிழ்ப் பெற்றோர் சிலர் என்னிடம் முதலில் கேட்பது இந்த இடத்தைப் பற்றித்தான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் புத்தகம் எது?

தொலைக்காட்சியில் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பார்த்துப் பழகிய கண்ணோடு பள்ளி மைதானத்தில் இறங்கினால் தவறு நிச்சயம். பள்ளிகளுக்கு என்.எஃப்.எச்.எஸ். விதிகள், கல்லூரிகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதிகள், தொழில்முறை ஆட்டத்துக்குத் தனி விதிகள். டெக்ஸாஸில் பள்ளி ஆட்டங்களே கல்லூரி விதிப்படி நடக்கின்றன. எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனால் ஃபேர் கேட்ச் என்பதே கிடையாது. பந்தைப் பிடிப்பவனிடமிருந்து உதைத்த அணியினர் 5 யார்டு தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி. இந்தக் கட்டுரையில் நான் பள்ளி விதியை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். கல்லூரியும் என்.எஃப்.எல்.லும் விலகும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

சிக்னல் எது, சிக்னல் இல்லாதது எது

ஒரே ஒரு கை. தலைக்கு மேல் முழு நீளத்துக்கு நீட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். பந்து இன்னும் காற்றில் இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால் சிக்னல் செல்லும். கல்லூரி விதி இன்னும் ஒரு படி மேலே போய், கையை ஒரு தடவைக்கு மேல் பக்கத்துக்குப் பக்கம் ஆட்ட வேண்டும் என்கிறது.

களத்தில் நீங்கள் பார்க்கப் போவது இத்தனை சுத்தமாக இருக்காது. ஒருவன் காதளவுக்குக் கையைத் தூக்கி ஈ ஓட்டுவது போல ஒரு அசைப்பு அசைப்பான். இன்னொருவன் பதற்றத்தில் இரண்டு கையையும் தூக்குவான். மூன்றாமவன் கையை நேராக உயர்த்துவான், ஆட்ட மறந்துவிடுவான். இவை செல்லாத சிக்னல்கள். பள்ளி விதியிலும் என்.எஃப்.எல்.லிலும் இதற்கு 5 யார்டு தண்டனை, அதாவது பந்து அந்த அணிக்குப் பாதகமாக அவ்வளவு தூரம் நகர்த்தப்படும். கல்லூரியில் தண்டனை இல்லை.

ஆனால் புதியவர்கள் தவறவிடும் இடம் தண்டனையில் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும், சிக்னல் செல்லுமோ செல்லாதோ, கொடுத்துவிட்டால் அந்த அணி பந்தைக் கைப்பற்றிய கணத்திலேயே ஆட்டம் நின்றுவிடுகிறது. அரைகுறையாகக் கையைத் தூக்கி உதைத்த அணியை மெத்தனமாக்கிவிட்டு, பிடித்ததும் ஓடுவதற்கு யாருக்கும் அனுமதியில்லை. கையைத் தூக்கியவன் ஒருவன், பிடித்தவன் இன்னொருவன் என்றாலும் இதே கதைதான். அணியில் ஒருவர் கொடுத்த சிக்னல் எல்லோரையும் கட்டும்.

சூரியன் கண்ணைக் கூசும் மாலை ஆட்டங்களில் ஒரு சிக்கல் வரும். பையன் நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைப்பான். கை அசையாமல் இருந்தால் அது சிக்னல் அல்ல. அசைந்தால் நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். பந்து குறைவாகப் போகும்போது ரிட்டர்னர், அதாவது பிடிக்க நிற்பவன், தன் அணியினரை “விலகுங்கள்” என்று எச்சரிக்கத் தாழ்வாக இரண்டு கையையும் வீசுவதும் வழக்கம். கல்லூரியில் இந்த வீச்சு செல்லாத சிக்னலாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பள்ளி ஆட்டத்திலும் அப்படி முடிவு செய்ய இடம் இருப்பதால், ஆட்டத்துக்கு முன்பு கோச்சைச் சந்திக்கும்போதே நான் ஒன்று சொல்லிவிடுவேன்: “உங்கள் பையன்கள் வாயால் கத்தட்டும், கையால் வேண்டாம்.” இந்த ஒரு வாக்கியம் பல சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது.

பந்து உதைபடும் முன்

ஐந்து பேர் கொண்ட குழுவில் பின்னால் நிற்பது பேக் ஜட்ஜ் ஒருவர்தான். வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவரான ரெஃப்ரி உதைப்பவனின் பாதுகாப்பில் இருப்பார். ஓரக்கோட்டு நடுவர்களுக்குக் கோட்டைக் காக்கும் வேலை இருக்கும். ஆகவே பிடிப்பவனின் சுற்றுவட்டாரம் உங்களுடையது. ரிட்டர்னருக்குப் பக்கவாட்டில் விலகி, அவனைவிடச் சில யார்டு ஆழத்தில் நில்லுங்கள். அவனுக்கு நேர் பின்னால் நின்றால் அவன் முதுகுதான் தெரியும், மோதல் தெரியாது. அவனுக்கும் வருகிறவனுக்கும் இடையே உள்ள வெளிச்சம் கண்ணுக்குப் படும் கோணம் வேண்டும்.

இரண்டு ரிட்டர்னர்கள் நின்றால் இருவரையும் ஒரே பார்வைக்குள் வைக்கும்படி கொஞ்சம் பின்னுக்குப் போங்கள். பிடிக்காத மற்றவன் கையைத் தூக்கிவிட்டு ஓடிப்போய் யாரையாவது பிளாக் செய்யலாம், அதாவது உடலால் மறித்துத் தள்ளலாம். சிக்னல் கொடுத்தவன் கிக் முடியும்வரை பிளாக் செய்யக் கூடாது. மீறினால் 15 யார்டு. இதைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் விதி இருந்தும் பயனில்லை.

பீன் பேக், அதாவது இடத்தைக் குறிக்கக் களத்தில் போடும் சிறு பை, கையில் இருக்கட்டும். விசில் வாயில் இருக்க வேண்டாம்.

இந்த விசில் விஷயத்தை நான் பட்டுத்தான் கற்றேன். என் இரண்டாவது பருவத்தில் ஓர் ஆட்டம். பையன் அழகாகக் கையைத் தூக்கி ஆட்டினான். பந்து அவன் கைக்கு வந்தது, நான் ஊதிவிட்டேன். ஊதிய சத்தம் அடங்கும் முன்பே பந்து அவன் மார்பில் பட்டுத் தெறித்து, உதைத்த அணி அதன் மேல் விழுந்தது. அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பந்து. என் விசிலால் அந்த டவுன், அதாவது அந்த ஒரு முறை ஆடிய ஆட்டம், செல்லாமல் போய் மறுபடி ஆட வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்துக் கோச் கத்தவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து விசிலை விரலில் மாட்டிக்கொள்கிறேன். வாய்க்குக் கொண்டுபோக ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியில் பந்து கைக்குள் அடங்கியதா என்று கண் உறுதி செய்துவிடுகிறது. சிக்னல் ஆட்டத்தை நிறுத்துவதில்லை, பிடிப்புதான் நிறுத்துகிறது. சிக்னலுக்குப் பிறகு நழுவிய பந்து உயிரோடுதான் இருக்கிறது.

பந்து காற்றில் இருக்கும்போது

பந்தைப் பார்க்காதீர்கள். சொல்வது எளிது, செய்வது கடினம். மைதானத்தில் உள்ள அத்தனை கண்களும் மேலே போகும்போது உங்கள் கழுத்தும் தானாக நிமிரும். உதைபட்டதும் அது எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு பார்வை போதும். பிறகு ரிட்டர்னரின் முகத்தைப் பாருங்கள். பந்து எங்கே இறங்கும் என்பதை அவன் கால்களே சொல்லிவிடும். அவன் நின்றால் பந்து நேரே வருகிறது. பின்னால் சறுக்கினால் நீளமாகப் போகிறது. தலையைத் தாழ்த்தி விலகினால் அவன் அதை விட்டுவிட்டான்.

சிக்னல் வந்ததும் எங்கள் குழுவில் நான் உரக்க “சிக்னல்!” என்று சொல்வேன். ஓரக்கோட்டிலிருந்து ஓடி வரும் நடுவருக்கு அது கேட்டால், பிடிப்புக்குப் பிறகு யாராவது அவனைத் தள்ளுகிறார்களா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

இடைஞ்சல்: இதயமே இதுதான்

இனி வருவது இந்த வேலையின் கனமான பகுதி. கோச்சுகள், பெற்றோர், சில சமயம் வர்ணனையாளர்கள்கூட நம்பும் ஒரு பிழை இருக்கிறது: கை தூக்காதவனுக்குப் பாதுகாப்பு இல்லை என்று. அது தவறு. காற்றில் இருக்கும் கிக்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கிறவனுக்கு, அவன் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும், பிடிக்க வழி விட்டாக வேண்டும். சிக்னல் கொடுத்தவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பிடித்த பிறகான பாதுகாப்பு: பிடித்ததும் அவனை யாரும் வீழ்த்தக் கூடாது. அதற்கு விலையாக அவன் தன் ஓட்டத்தைக் கொடுக்கிறான். சிக்னல் கொடுக்காதவன் பந்தைத் தொட்ட மறு கணமே அவனை இடித்து வீழ்த்தலாம், அதில் குற்றமில்லை. தொடும் முன் இடித்தால் குற்றம்.

விதிமீறலைக் காட்ட நீங்கள் கொடி வீசுவதற்கு முன் பார்க்க வேண்டியது மூன்று. உதைத்த அணிக்காரன் பிடிப்பவனைத் தொட்டானா? பிடிப்பவன் அங்கே தயாராக இருக்கும்போது பந்தைத் தொட்டானா? இரண்டும் இல்லாவிட்டாலும், பந்துக்குப் போகும் வழியை மறித்தானா? மூன்றாவதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். மோதல் இருந்தால்தான் விதிமீறல் என்று நினைக்கிறார்கள். பையன் முன்னே ஓடி வந்து பிடிக்க வேண்டிய பந்து. எதிரணிக்காரன் வந்து நடுவில் நிற்கிறான், மேலே பட்டுக்கொள்ளாமல். பையன் அவனைச் சுற்றி வளைத்து ஓட, பந்து தரையில் விழுகிறது. ஒரு விரல் கூடப் படவில்லை. அது இடைஞ்சல்தான். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்: உயரே போன கேட்சின் கீழ் நிற்கும் ஃபீல்டருக்குக் குறுக்கே பேட்ஸ்மேன் வேண்டுமென்றே போனால் அவர் அவுட். இங்கே வேண்டுமென்றே என்பதுகூடத் தேவையில்லை.

கல்லூரி விதி இதற்கு ஓர் அளவும் தருகிறது. பிடிப்பவனின் தோள் அகலம், அவனுக்கு முன்னால் 1 யார்டு. பந்தைத் தொடும் முன் அந்தப் பெட்டிக்குள் உதைத்த அணிக்காரன் நுழைந்தால் விதிமீறல். சந்தேகம் வந்தால் விதிமீறல் என்றே எடுத்துக்கொள் என்றும் அந்தப் புத்தகம் சொல்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இந்தப் பெட்டி இல்லை. ஆனாலும் மனதில் அந்தப் பெட்டியை வரைந்துகொண்டு பார்ப்பது எனக்கு உதவியிருக்கிறது; கண்ணுக்கு ஒரு சட்டம் கிடைக்கிறது.

விலக்கு ஒன்று உண்டு, அதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். பெறும் அணிக்காரனே எதிராளியைப் பிளாக் செய்து பிடிப்பவன் மேல் தள்ளிவிட்டால், தள்ளப்பட்டவன் மேல் குற்றமில்லை. இதைக் கண்டுபிடிக்க, மோதலை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய அரை விநாடி வேண்டும். ஓடி வருகிறவனை இரண்டு மூன்று அடிக்கு முன்பே உங்கள் பார்வைக்குள் கொண்டுவந்திருந்தால் அவன் முதுகில் கை இருந்ததா, தானாக வந்து விழுந்தானா என்று தெரியும். ஆனால் லேசாக உரசிய பிளாக்கை அவன் சாக்காக வைத்துக்கொண்டு நேரே ஓடி மோதினால் அதை நான் ஏற்பதில்லை. விலக முயற்சி செய்தானா என்று பார்ப்பேன்.

பாதுகாப்பு எப்போது தீர்கிறது? பந்து தரையில் பட்டதும் தீர்ந்தது. பெறும் அணிக்காரன் தொட்டு நழுவவிட்டால், பள்ளி விதிப்படி அத்தோடு அந்தத் தடை விலகுகிறது. கல்லூரியிலும் என்.எஃப்.எல்.லிலும், செல்லும் சிக்னல் கொடுத்தவன் நழுவவிட்ட பந்து தரையைத் தொடும் முன் மறுபடி பிடிக்க அவனுக்கு வாய்ப்பு விட வேண்டும். அருகில் பிடிக்க ஆளே இல்லாத பந்தை உதைத்த அணிக்காரன் காற்றிலேயே தொட்டாலும் இடைஞ்சல் ஆகாது; அது முதல் தொடுகை மட்டுமே. பீன் பேக்கை அந்த இடத்தில் போடுங்கள். பந்து உயிரோடு இருக்கும், பெறும் அணி விரும்பினால் பிறகு அந்த இடத்திலேயே பந்தை எடுத்துக்கொள்ளலாம்.

கிக்காஃபுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்க உதைக்கும் உதைக்கு, ஒரு சொல். உதைப்பவன் பந்தைத் தரையில் அடித்து, அது ஒரு முறை குதித்து ஸ்டாண்டில் வைத்து நேரே உதைத்தது போல உயரே எழும்பும் தந்திரம் முன்பு இருந்தது. பிடிக்க வருகிறவன் நசுங்கிப் போவான். 2017 முதல் பள்ளி ஆட்டத்தில் அது விதிமீறல், உடனே விசில் ஊத வேண்டும். என்.எஃப்.எல்.லில் 2024இல் வந்த புதிய கிக்காஃப் முறையில் ஃபேர் கேட்சே இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து பள்ளி மைதானத்தில் குழம்ப வேண்டாம்.

கொடி விழுந்த பிறகு

கொடியை விதிமீறல் நடந்த இடத்தை நோக்கிப் போடுங்கள். ஊதாதீர்கள், பந்து யாரிடம் போகிறது என்று பாருங்கள். இடைஞ்சல் நடந்தும் பந்து உயிரோடு உருண்டுகொண்டிருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்தும் சைகை, பிறகு ரெஃப்ரியிடம் நடந்து போய் அறிக்கை. ஓட வேண்டாம். அவருக்கு வேண்டியது நான்கு தகவல்: யார் செய்தது, எண் என்ன, எந்த இடத்தில், பந்து கடைசியில் என்ன ஆனது. “உதைத்த அணி, 24ஆம் எண், தொடும் முன் மோதல், 31ஆம் யார்டு கோடு, பந்தைப் பெறும் அணி எடுத்தது.” இவ்வளவு போதும். தோளிலிருந்து இரண்டு உள்ளங்கையையும் முன்னே தள்ளும் சைகையை ரெஃப்ரி காட்டுவார். பாஸ் இடைஞ்சலுக்கும் அதே சைகைதான்.

தண்டனை 15 யார்டு. கல்லூரியில் அது விதிமீறல் நடந்த இடத்திலிருந்து. பள்ளியில் பெறும் அணியின் கேப்டனுக்குத் தெரிவு உண்டு: ஃபேர் கேட்ச் வழங்கப்பட்டதாக ஏற்கலாம், அல்லது அந்த டவுன் தொடங்கிய பழைய இடத்திலிருந்து 15 யார்டு பின்னால் தள்ளி மறுபடி உதைக்கச் சொல்லலாம். பதினாறு வயதுப் பையனிடம் இதைக் கேட்கும்போது அவன் விழிப்பான். அவசரப்படுத்தாமல், கோச் பக்கம் பார்க்கவும் நேரம் விட்டு, இரண்டு முடிவிலும் பந்து எங்கே இருக்கும் என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள்.

ஓரக்கோட்டிலிருந்து “அவன் கையே தூக்கலையே!” என்ற குரல் வரும். வராத ஆட்டத்தை நான் கண்டதில்லை. ஒரே பதில்: “கோச், கை தூக்கத் தேவையில்லை. பிடிக்க வழி விடணும்.” அதற்கு மேல் விவாதம் வேண்டாம். மோதலில் விழுந்த பையனை ஒருமுறை பாருங்கள், எழுந்து நடக்கிறானா என்று. அவனுக்குப் பேச்சுக் கொடுங்கள். கண்ணில் தெளிவில்லை என்றால் காயம் கவனிக்கும் டிரெய்னரை உடனே உள்ளே கூப்பிடுங்கள். தலையில் பட்ட அடி வெளியே தெரியாது.

கடைசியாக, அபூர்வமான ஒன்று

ஃபேர் கேட்ச் கிடைத்த அணி பந்தை ஸ்னாப் செய்தும் (நடுவில் குனிந்து நிற்பவன் பின்னால் கொடுத்து) ஆடலாம், அதே கோட்டிலிருந்து ஃப்ரீ கிக்கும் உதைக்கலாம். ஃப்ரீ கிக் கோல் கம்பங்களுக்கு நடுவே போனால் 3 புள்ளி. பள்ளியிலும் என்.எஃப்.எல்.லிலும் இது உண்டு, கல்லூரியில் நெடுங்காலமாக இருந்ததில்லை. மிக அரிதாக நடப்பதால் நடுவர்களே மறந்துவிடும் விதி.

2024 டிசம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸும் டென்வர் பிராங்கோஸும் ஆடிய ஆட்டம் அதை எல்லோருக்கும் நினைவூட்டியது. முதல் பாதியின் கடைசி விநாடிகளில் டென்வர் பன்ட் உதைத்தது. சார்ஜர்ஸின் டேரியஸ் டேவிஸ் ஃபேர் கேட்சுக்குக் கை தூக்கியிருந்தார். உதைத்த அணிக்காரர் வந்து மோத, கொடி விழுந்தது. கடிகாரத்தில் நேரம் தீர்ந்திருந்தது. 15 யார்டு தண்டனைக்குப் பிறகு பந்து டென்வரின் 47 யார்டு கோட்டுக்கு வந்தது. கேமரன் டிக்கர் அங்கிருந்து 57 யார்டு ஃப்ரீ கிக்கை உள்ளே அனுப்பினார். என்.எஃப்.எல்.லில் இப்படி ஒரு கிக் வெற்றி பெற்றது 1976க்குப் பிறகு அதுவே முதல் முறை. அன்று உதைத்தவர் ரே வெர்ஷிங், அவரும் சார்ஜர்ஸ்காரர்தான். அந்த 3 புள்ளிகளுக்குப் பின்னால் கொடியைத் துணிந்து வீசிய ஒரு நடுவர் இருக்கிறார் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

உங்கள் ஆட்டத்தில் இப்படி ஒரு கோரிக்கை வந்தால் செய்ய வேண்டியது இது. கோச்சிடம் ஸ்னாப்பா, ஃப்ரீ கிக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். ஃப்ரீ கிக் என்றால் பந்து பிடிபட்ட கோடு உதைக்கும் அணிக்கு. எதிரணி அதிலிருந்து 10 யார்டு தள்ளி. ஸ்னாப் இல்லை, ஆகவே ஓடி வந்து தடுக்கும் கூட்டமும் இல்லை. பன்ட் உதைத்தால் புள்ளி கிடையாது. தரையில் வைத்தோ, குதிக்க விட்டோ உதைக்க வேண்டும். கம்பங்களின் கீழே நடுவர் போய் நின்றாக வேண்டும், அது பெரும்பாலும் நீங்கள்தான். எதிரணிக்காரன் ஒருவனையும் அங்கே ஆழத்தில் நிறுத்தியிருப்பார்கள். கிக் கோல் கோட்டுக்கு முன்பே குறைவாக இறங்கினால் பந்து உயிரோடு இருக்கும், அவன் அதைப் பிடித்து ஓடி வருவான்.